கொதி வந்ததும் அடுப்பை அணைக்கலாம்: வீட்டிலேயே செய்த சூட்டுப்பெட்டி

பருப்போ அரிசியோ கடலையோ, அடுப்பில் ஏற்றியதிலிருந்து கொதி வரும்வரை எரியும் தீ தேவையான தீ. அதில் குறைப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொதி வந்த பிறகு சிம்மில் வைத்து அரை மணி, முக்கால் மணி எரிக்கிறோமே, கேஸ் வீணாவது அங்கேதான். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் பண்டத்துக்குப் புதிதாகச் சூடு ஏற வேண்டியதில்லை, இருக்கிற சூடு இறங்காமல் இருந்தால் போதும். பாத்திரத்தின் பக்கவாட்டிலும் மூடியிலும் ஆவியிலும் வெளியே போகும் சூட்டை ஈடுகட்டத்தான் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று இதைச் சட்டென்று விளக்கும். 1 கிராம் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 75 கலோரி வேண்டும். கொதிக்கும் அதே 1 கிராம் ஆவியாகிப் போக சுமார் 540 கலோரி வேண்டும். அதாவது, ஒரு தம்ளர் தண்ணீரை ஆவியாக விடுகிற செலவில் ஏழு தம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். தளதளவென்று கொதித்தால் சீக்கிரம் வேகும் என்று நாம் நினைத்தாலும், மூடி இறுக்கமில்லாத பாத்திரத்தில் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறப்போவதில்லை. ஆவிதான் கூடுதலாகப் போகும்.

போகிற சூட்டைத் தடுத்துவிட்டால் ஈடுகட்டும் தீயே வேண்டாம். இது பழைய யோசனைதான். 1867-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் நார்வே நாட்டுக்காரர்கள் இப்படி ஒரு சமையல் பெட்டியை வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க பிரிட்டனில் மரப்பெட்டிக்குள் வைக்கோலை அடைத்து, நடுவில் கொதித்த பாத்திரத்தைப் புதைத்து வைத்தார்கள். வைக்கோலுக்குள் சிக்கி நிற்கும் காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. பஞ்சு, போர்வை, தெர்மாகோல் எல்லாம் அதே வேலையைச் செய்பவைதான். எங்கள் வீட்டில் இதற்காக எதையும் புதிதாக வாங்கவில்லை.

பாத்திரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பெட்டியை முதலில் செய்துவிட்டு அதற்குப் பாத்திரம் தேடினால் இடைவெளி சரியாக அமையாது. அடி கனமான, மூடி நன்றாகப் பொருந்துகிற, பக்கத்தில் சின்னக் காது மட்டும் உள்ள 4 லிட்டர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். நீண்ட கைப்பிடி இருந்தால் போர்வை அதைச் சுற்றி அணைந்து நிற்காது. அந்த இடுக்கு வழியாகவே சூடு கசியும். பிறகு பாத்திரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 செ.மீ. இடம் இருக்கும்படி ஒரு கனமான அட்டைப்பெட்டி. அடியில் சாதனங்களோடு வரும் தெர்மாகோல் பலகையை இரண்டு அடுக்காகப் போட்டேன்.

தெர்மாகோலில் ஒரு கவனம் தேவை. சூடான பாத்திரம் அதை நேரடியாகத் தொடக்கூடாது. 80 டிகிரியைத் தாண்டினாலே அது இளகிச் சுருங்கத் தொடங்கும். அதனால் தெர்மாகோலுக்கு மேல் ஓர் அட்டை, அதற்கு மேல் நாலாக மடித்த பழைய பருத்திப் போர்வை, அதற்கும் மேல் ஒரு சின்ன மரப்பலகை. பாத்திரம் உட்காருவது பலகையின் மேல். பக்கங்களுக்கு, கட்டி தட்டிப்போன இரண்டு தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை உதறி, பழைய பெட்ஷீட்டில் நீளமான பை தைத்து அதில் அடைத்தேன். திணித்து அடைத்தால் காற்று நிற்க இடமிருக்காது, தளர்வாக விட்டால் பஞ்சு கீழே இறங்கி மேல்பக்கம் வெறுமையாகிவிடும். பையின் குறுக்கே ஒரு சாண் இடைவெளியில் தையல் ஓட்டியதும் பஞ்சு போட்ட இடத்திலேயே நின்றது. மேலே மூடுவதற்கு அதே பஞ்சில் கனமான ஒரு திண்டு. இது பெட்டியின் வாயைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும். அழுத்தி உள்ளே செருகும்போது நாலு ஓரமும் இறுகிக்கொள்ளும். சூடு மேல்நோக்கிப் போகும், அதனால் பெட்டியில் மிகவும் முக்கியமான பாகம் இந்தத் திண்டுதான் என்பேன்.

பாத்திரத்தைத் தொடும் துணி பருத்தியாக இருக்கட்டும். தீ நாக்கு பட்ட ஓரம் 100 டிகிரிக்கும் மேலே இருக்கும், பாலியஸ்டர் துணி அந்தச் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விட்டு, அடியை ஒரு முறை துடைத்துவிட்டு உள்ளே வைப்பது நல்லது. பெட்டியின் இடம் அடுப்பை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். பஞ்சும் அட்டையும் தீக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள்கள் அல்ல.

அலுமினிய ஃபாயில் சுற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று பலர் சொல்வதால் அதையும் உள்பக்கம் ஒட்டிப் பார்த்தேன். ஒரு டிகிரிகூட வித்தியாசம் தெரியவில்லை. காரணம் இதுதான்: பளபளப்பான தகடு கதிராக வரும் சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் காற்று இடைவெளி வேண்டும். துணியோடு ஒட்டி அழுந்திக் கிடந்தால் அது வெறும் தகடு. எடுத்துவிட்டேன்.

சமைக்கும் முன் வெறும் தண்ணீரை வைத்து அளந்தேன். நுனியில் கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை மூடியின் ஓரமாக உள்ளே விட்டு வைத்தால் திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம். மூன்றரை லிட்டர் கொதித்த தண்ணீர், பெட்டிக்குள் வைக்கும்போது 98 டிகிரி. ஒரு மணி நேரம் கழித்து 92, மூன்று மணி நேரத்தில் 83, ஆறு மணி நேரத்தில் 71. அதே பாத்திரம், அதே அளவு தண்ணீர், பெட்டி இல்லாமல் மேடை மேல் மூடி வைத்தபோது ஒரு மணி நேரத்தில் 75-க்கும் மூன்று மணி நேரத்தில் 50-க்கும் வந்துவிட்டது. அப்புறம் 1 லிட்டர் தண்ணீரைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்று மணி நேரத்தில் 67.

இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் உள்ளே இருக்கும் சூடும் குறைவு, ஆனால் சூடு வெளியேறும் பரப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. பாதி நிரம்பிய பெரிய பாத்திரம் இன்னும் மோசம், மேலே நிற்கும் வெற்றிடத்தையும் சூடாக்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்குச் சமைக்கிறவர்கள் சின்னப் பாத்திரத்தை எடுத்து, அதைக் கழுத்துவரை நிரப்பி, பஞ்சை இன்னும் கனமாக வைத்தால்தான் பலன் கிடைக்கும்.

முதலில் வைத்தது உடைத்த பருப்பு. அரை மணி ஊறவைத்து, பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க விட்டு, நுரையை எடுத்து, மூடியோடு பெட்டிக்குள் இறக்கினேன். அத்தைக்கு நம்பிக்கை இல்லை. "தீ இல்லாம எப்படிம்மா வேகும்? பாதி வெந்தது நடுவுல நின்னு போச்சுன்னா அப்புறம் எத்தனை கொதி விட்டாலும் மசியாது" என்றார். "ஒன்றரை மணி நேரம் மூடியைத் தொடாம விட்டுப் பாப்போம் அத்தை, வேகலைன்னா அடுப்புலயே ஏத்திடலாம்" என்றேன். சரி என்று உட்கார்ந்தார். திறந்ததும் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினார். வேகாத பருப்பில் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும், விரலில் மணலாக உறுத்தும். இதில் புள்ளி இல்லை. வழுவழுவென்று விரலில் பரவியது. இன்னும் இரண்டு பருப்பை அடியிலிருந்து எடுத்துப் பார்த்த பிறகுதான், "மேல மட்டும் இல்ல, அடியிலயும் வெந்திருக்கு" என்றார்.

அத்தை சொன்ன 'நடுவுல நின்னு போவது' உண்மையிலேயே நடக்கக்கூடியது, அதை அவரே அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார். காய்களிலும் பயறுகளிலும் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பொருள் உண்டு. 55 முதல் 65 டிகிரி சூட்டில் நேரம் போனால், உள்ளே இருக்கும் ஒரு நொதி அந்தப் பெக்டினை இன்னும் இறுக வைத்துவிடுகிறது. உருளைக்கிழங்கு வேகாமல் 'நறுக்'கென்று நிற்பது இதனால்தான். கொதி வந்த உடனே இறக்கினால் வெளித்தண்ணீர் 100 டிகிரியில் இருக்கும், பெரிய துண்டின் நடுப்பகுதி 60-இல்தான் இருக்கும். அதனால் கொதி வந்தபின் சில நிமிஷம் அடுப்பிலேயே விடுகிறேன்: அரிசிக்கு ஐந்து, பெரிய துண்டுகளாக நறுக்கிய கிழங்குக்கும் காய்க்கும் ஐந்திலிருந்து எட்டு, உடைத்த பருப்புக்குப் பத்து, ஊறவைத்த கொண்டைக்கடலைக்கு இருபது. நடுவரை சூடு இறங்க அந்த நேரம் வேண்டும். அந்தச் சில நிமிஷத்தில் கஞ்சம் பிடித்தால் பிறகு அதைவிட அதிகமாக எரிக்க வேண்டிவரும்.

அரிசி இந்தப் பெட்டிக்கென்றே பிறந்தது. பெரும்பாலான அரிசியின் மாவுச்சத்து 65 முதல் 80 டிகிரிக்குள் தண்ணீரை இழுத்துக் குழைந்துவிடும், அதற்குக் கொதிநிலையே தேவையில்லை. ஐந்து நிமிஷக் கொதி, முக்கால் மணி பெட்டி. அடிப்பிடிப்பதே இல்லை, ஏனென்றால் அடியில் தீ இல்லை. தண்ணீர் மட்டும் குறைவாக வைக்க வேண்டும். ஆவியாகப் போவது இங்கே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதால், வழக்கமாக வைப்பதில் கால் பங்கைக் குறைத்ததும் பதமாக வந்தது. குழம்பும் அப்படித்தான். சுண்டட்டும் என்று வைக்கும் கூடுதல் தண்ணீர் பெட்டியில் சுண்டாது.

கொண்டைக்கடலைதான் நேரம் எடுத்தது. இரவெல்லாம் ஊறியும், இருபது நிமிஷம் கொதித்தும், மூன்று மணி நேரம் பெட்டியில் இருந்தும் தோல் மெத்தென்று ஆகி, உள்ளே கொஞ்சம் கடிபட்டது. மறுபடி ஒரு கொதி விட்டு இன்னும் இரண்டு மணி நேரம் வைத்ததும் சரியானது. "இது பழைய கடலைம்மா, புதுசா இருந்தா இவ்வளவு நேரம் ஆகாது" என்றார் அத்தை. அவர் சொன்னது சரி. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு வேகத் தாமதமாகும். உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரும் அப்படிச் செய்யும், அதில் உள்ள கால்சியம் பெக்டினைக் கெட்டியாக்கும். அதற்குக் கைவசம் ஒரு வழி இருக்கிறது. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பு சேர்த்தால், உப்பில் உள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் சீக்கிரம் இளகும். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு எதுவாக இருந்தாலும் வெந்த பிறகுதான் சேர்க்கிறேன். புளிப்பில் பயறு வேக மறுக்கும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வேகம் கூடும் என்பதும் உண்மைதான், ஆனால் பி1 வைட்டமின் அதில் அழிகிறது. அரை மணி அவசரத்துக்காக அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே அவசரம் என்றால் குக்கர் இருக்கிறது. உள்ளே அழுத்தத்தில் 120 டிகிரிவரை ஏறும், கெட்டியான பயறுகளுக்கு அதுதான் பொருத்தம். பெட்டி வந்ததால் குக்கர் பரணுக்குப் போகவில்லை.

இப்போது ராஜ்மா. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற நச்சுப்பொருள் இயல்பாகவே இருக்கிறது. வேகாத ராஜ்மா நாலைந்து வயிற்றுக்குள் போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். முழுக் கொதியில் அது அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரிவரை மட்டும் சூடேறி நின்றால் நச்சு குறைவதற்குப் பதிலாக ஐந்து மடங்குவரை கூடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது. சூட்டுப்பெட்டி வேலை செய்வதே அந்த 80 டிகிரியை ஒட்டித்தான். ஆகவே, ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பெட்டிக்குள் வைப்பதில் ஆபத்தில்லை, ஆனால் அரை மணி கொதித்தபின் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் ராஜ்மாவைக் குக்கரோடு நிறுத்திக்கொண்டேன். யாராவது பெட்டி செய்யப் போகிறேன் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது சூடு இறங்கும் கணக்கு. 60 டிகிரிக்குக் கீழே போனால் கிருமிகள் பெருகத் தொடங்கும். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து நச்சை விடும், அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இறைச்சிக் குழம்பில் வேறு வகை பாக்டீரியா, 45 டிகிரியை ஒட்டி மளமளவென்று பெருகும். அதனால் எங்கள் வீட்டில் இதற்கு ஒரே விதி: 60-க்கு வருவதற்கு முன் பெட்டியை விட்டு எடுத்துவிட வேண்டும், சாப்பிட்டுவிட வேண்டும் அல்லது ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். என் பெட்டியில் நிறைந்த பாத்திரம் ஆறு மணி நேரம் தாராளமாகத் தாங்குகிறது. 1 லிட்டர் என்றால் மூன்று மணி நேரத்தோடு சரி. இரவு வைத்துக் காலையில் எடுப்பது என்ற பேச்சே கிடையாது. இறைச்சி வைத்தால் பரிமாறும் முன் இன்னொரு கொதி. தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கைச்சூட்டை வைத்து 60-ஐயும் 50-ஐயும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கேஸ் மிச்சம் எவ்வளவு என்று கேட்பார்கள். தீ எரியும் நேரத்தை வைத்துச் சொல்கிறேன். சோற்றுக்குக் கொதி வந்தபின் பதினைந்து நிமிஷம் எரிந்தது ஐந்தாகிவிட்டது, பருப்புக்கு நாற்பது பத்தாகிவிட்டது. சிம்மில் தீ சின்னதுதான் என்பதால் சிலிண்டரில் அதே விகிதத்துக்கு மிச்சமாகாது. ஆனால் வேறொரு மாற்றம் வந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் அடுப்படியில் எனக்கு நின்று காவல் காக்கும் வேலை இல்லாமல் போனது. பருப்பை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மகளுக்குத் தலை பின்னிவிட முடிகிறது. இடையில் ஓடி வந்து தீயைக் குறைக்கவோ கிளறவோ வேண்டியதில்லை. இவர் ஒரு நேரம், பிள்ளைகள் ஒரு நேரம் என்று வீட்டுக்கு வருவதால் முன்பெல்லாம் ஒரே குழம்பை மூன்று முறை சூடாக்குவோம். இப்போது வருகிறவர்கள் திண்டைத் தூக்கி, போட்டுக்கொண்டு, மறுபடி அழுத்தி மூடிவிடுகிறார்கள். மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நாலைந்து டிகிரி போகிறது என்று மகன் தெர்மாமீட்டரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து, "எல்லாருக்கும் சேர்த்து எடுத்து வைங்கம்மா, சூடு போகுது" என்று அவனே வீட்டைக் கட்டுப்படுத்துகிறான்.

தயிருக்கும் இது உதவுகிறது, குளிர் காலத்தில் குறிப்பாக. பாலைக் காய்ச்சி 45 டிகிரிக்கு ஆற்றி, உறை ஊற்றிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு பாட்டிலில் வெந்நீரும் வைத்துவிட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் கெட்டியாக உறைந்துவிடுகிறது. உறையில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு 40-லிருந்து 45 டிகிரிதான் பிடித்த சூடு.

பராமரிப்பு என்று சொன்னால் ஈரம் ஒன்றுதான். மூடி ஓரத்தில் கசியும் ஆவி பஞ்சில் இறங்கும். ஈரப் பஞ்சு சூட்டைப் பிடித்துவைக்காது, கடத்திவிடும், பூஞ்சை வாடையும் வரும். அதனால் எடுத்து முடித்ததும் திண்டையும் பைகளையும் வெளியே எடுத்துக் காற்றாட விடுகிறோம், வாரம் ஒரு முறை வெயிலில் போடுகிறோம். மூடிக்கும் திண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டை விரித்த பிறகு ஈரம் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடுகிறது, துண்டை மட்டும் துவைத்தால் போதும். அட்டைப்பெட்டியின் அடி இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அடுத்ததை ஒட்டுப்பலகையில் செய்யலாம் என்று இருக்கிறேன், 1 லிட்டர் பாத்திரத்துக்கு ஏற்ற சின்ன அளவில், பக்கங்களில் 15 செ.மீ. பஞ்சு வைத்து. மூன்று மணி நேரத்தில் 67 என்ற அந்த எண்ணை 75-க்குக் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.